காலாண்டு விடுமுறையில் அப்பத்தாவையும் பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துச் செல்ல ஏற்ற மலை எது?

பள்ளத்தூர் மருமகள்:

அனைவருக்கும் வணக்கம். காலாண்டுத் தேர்வு விடுமுறையில் மூன்று இரவு தங்கும்படி ஒரு மலைப்பயணம் போவதென்று எங்கள் வீட்டில் முடிவாகியிருக்கிறது. நாங்கள் எட்டுப் பேர். நானும் என் கணவரும், 13 வயதிலும் 8 வயதிலும் எங்கள் இரு பெண்களும், என் நாத்தனாரும் அவர் கணவரும், அவர்களுடைய 4 வயது மகனும், 71 வயதாகும் என் மாமியாரும் போகிறோம். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. இருபது படி இறங்கினால் பத்து நிமிடம் உட்கார வேண்டும். ஆனாலும், பேரப்பிள்ளைகளோடு ஒரு முறை மலைக்குப் போக வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டவரே அவர்தான் என்பதால், அவரை வீட்டில் விட்டுச் செல்ல எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

போன கோடையில் கொடைக்கானல் சென்றோம். ஊருக்குள் நுழையும் முன்பே பாதி நாள் வண்டிக்குள் கழிந்துவிட்டது. ஏரிக்கரையில் ஒரு சுற்று, கடைவீதியில் ஒரு சுற்று, அதோடு திரும்பிவிட்டோம். இந்த முறை கடைகள் குறைந்த, வயலும் தோட்டமும் உள்ள மலைக்கிராமமாகப் பார்க்க விரும்புகிறோம். எங்கள் பிள்ளைகள் கண்மாயும் செம்மண் பொட்டலும் பார்த்து வளர்ந்தவர்கள். மலை என்றால் அவர்களுக்குக் குன்றக்குடிக் குன்றும் திருமயம் கோட்டைப் பாறையும்தான். மிளகு கொடியில் காய்ப்பதையும், காப்பிப்பழம் சிவந்திருப்பதையும், அருவி விழுவதையும் அவர்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

எந்த மலைக்குப் போகலாம்? மற்றவர்கள் சுற்றும் நேரத்தில் மாமியார் அறையில் தனியாக இருக்கும்படி ஆகாமல் எப்படித் திட்டமிடுவது? சின்னவனுக்கு வண்டியில் போனாலே குமட்டல் வருகிறது என்பதையும் கணக்கில் கொண்டு, போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழச்சிவல்பட்டி ஆசிரியர்:

அம்மா, முழங்கால் வலியுள்ள பெரியவரையும் துள்ளி ஓடும் பிள்ளைகளையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள ஏற்ற மலை என்று பார்த்தால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைதான். அங்கு நான் குடும்பத்தோடு இரண்டு முறை சென்றிருக்கிறேன். முதல் முறை செய்த தவறுகளை இரண்டாம் முறை திருத்திக்கொண்டதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொல்லிமலையை நான் சொல்வதற்குக் காரணம் அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாயகங்கை அருவியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான். ஐயாறு ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழும் அந்த அருவிக்குக் கோயிலுக்கு அருகிலிருந்தே படிகள் இறங்குகின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட செங்குத்தான படிகள் அவை. உங்கள் மாமியார் அந்தப் பக்கமே போக வேண்டாம். சின்னவனையும் இறக்க வேண்டாம், ஏனென்றால் திரும்பும்போது யாராவது ஒருவர் அவனைத் தோளில் சுமந்து அத்தனை படியும் ஏற நேரிடும். இறங்குபவர்கள் இறங்கட்டும், மற்றவர்கள் கோயிலில் இருக்கட்டும். எங்கள் இரண்டாம் பயணத்தில் என் மூத்த சகோதரி, அவருக்கு அப்போது 74 வயது, கோயிலை ஒட்டிய ஓடைக்கரையில் ஒரு பொரிப் பொட்டலத்தோடு உட்கார்ந்துகொண்டார். பொரி விழுந்த இடத்தில் மீன்கள் கறுப்பாகத் திரண்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வாயை நீருக்கு வெளியே நீட்டுகின்றன. அறுத்துக் குழம்பில் இட்ட மீன்களை இறைவன் மீண்டும் பொருத்தி ஓடவிட்டதாகத் தலக்கதை இருப்பதால் அங்கு யாரும் மீன் பிடிப்பதில்லை. நாங்கள் மூன்று மணி நேரம் கழித்து நனைந்த துணியோடு மூச்சிரைக்க மேலே வந்தபோது, அக்கா இரண்டாவது பொட்டலம் வாங்கியிருந்தார். பக்கத்தில் பூ விற்ற அம்மாவின் மகளுக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள் என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பயணத்தில் தனக்கு மிகவும் பிடித்த நாள் அதுதான் என்று இன்றும் சொல்கிறார்.

ஏறும் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடிவாரத்தில் காரவள்ளியிலிருந்து மேலே போவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன, ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. முதல் பயணத்தில் நாமக்கல்லில் பொங்கலும் வடையும் வயிறு நிறையச் சாப்பிட வைத்து நேராக மலையேறினோம். முப்பதாவது வளைவைத் தாண்டுவதற்குள் பேரன் மூன்று முறை வாந்தியெடுத்து வாடிவிட்டான். அன்று முழுவதும் அவனுக்கு எதுவும் ரசிக்கவில்லை. அடுத்த முறை காலை ஏழு மணிக்கு ஆளுக்கு இரண்டு இட்லி மட்டும் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஏறத் தொடங்கினோம். பால், காப்பி எதுவும் கொடுக்கவில்லை. இருபது வளைவுக்கு ஒரு முறை அகலமான இடம் பார்த்து நிறுத்தி, பிள்ளைகளைக் கீழே இறக்கி ஐந்து நிமிடம் நிற்கவைத்தோம். கைப்பேசியைக் கையில் தராமல், பேத்தியிடம் ஒரு பழைய நாட்குறிப்பைக் கொடுத்து ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கோடு போடச் சொன்னேன். அவள் பலகையைத் தேடி வெளியிலேயே பார்த்துக்கொண்டிருந்ததால் குமட்டல் வரவில்லை. தம்பியும் அவளோடு சேர்ந்து எண்ணிக்கொண்டே வந்தான். குமட்டலுக்கு மாத்திரை கொடுப்பதாக இருந்தால், 4 வயதுப் பிள்ளை என்பதால் மருத்துவரிடம் கேட்டே கொடுங்கள்.

காப்பிப்பழம் பற்றி நீங்கள் எழுதியிருப்பதால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் கடைசியில் காப்பிக்காய் பெரும்பாலும் பச்சையாகத்தான் இருக்கும், செடி முழுக்கச் சிவந்து நிற்பதைப் பார்க்கக் கார்த்திகை, மார்கழியில் வர வேண்டும். பலாப்பருவமும் அதற்குள் முடிந்திருக்கும். ஆனால் மிளகு அப்போது பச்சைத் திரிகளாகக் கொடியில் தொங்கும், சில்வர் ஓக் மரங்களைச் சுற்றிக்கொண்டு அது ஏறியிருப்பதைச் சாலையோரத்திலேயே காட்டலாம். மழையை நம்பி விதைத்த சாமையும் கேழ்வரகும் சரிவுகளில் பசுமையாக நிற்கும். அந்த வயல்கள், மலையாளிகள் என்று வழங்கப்படும் அம்மலையின் பழங்குடி மக்களுடையவை. கேரளத்தோடு தொடர்புடையவர்கள் என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்ளக்கூடும் என்பதால், மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வயலில் வேலை செய்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதிருந்தால், அவர்களே கூப்பிட்டுக் கதிரைக் கையில் கொடுப்பார்கள். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

சோளக்காட்டுச் சந்தையில் மிளகும் மலைவாழையும் அன்னாசியும் வாங்கலாம். வாசலூர்ப்பட்டியில் சிறிய படகு இல்லம் இருக்கிறது, சின்னவனுக்கு அது போதும். பெரியவர்களும் குழந்தைகளும் நீராட மாசிலா அருவி ஆகாயகங்கையைவிட எளிது. கடைகளில் முடவாட்டுக்கால் கிழங்கு என்று ஒன்று வைத்திருப்பார்கள், ரோமம் அடர்ந்து ஆட்டின் காலைப்போலவே இருக்கும். அதில் வைக்கும் சூப் மூட்டுவலிக்கு நல்லது என்று மலைமக்கள் சொல்கிறார்கள். வலி தீருமா என்பது வேறு, மழைச்சாரலில் நின்று மிளகு தூக்கலாகச் சூடாகக் குடிக்கும்போது உங்கள் மாமியாருக்கு நிச்சயம் பிடிக்கும்.

உங்கள் மூத்த பெண் கடையெழு வள்ளல்களைப் பாடத்தில் படித்திருப்பாள். பாரியின் பறம்புமலை என்று வழங்கும் பிரான்மலை, சிங்கம்புணரிக்கு அருகே, நமக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தான் என்று பாடப்பெற்ற வல்வில் ஓரி ஆண்டது கொல்லிமலை. செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கை ஒட்டி அரசு விழா எடுக்கிறது. விடுமுறைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரான்மலை அடிவாரத்துக் கொடுங்குன்றநாதர் கோயிலுக்கு அவளை அழைத்துப் போய்வாருங்கள். பாரியின் மலையைப் பார்த்துவிட்டு ஓரியின் மலைக்குப் போகும் பிள்ளை, பாடப்புத்தகத்தின் அந்தப் பக்கத்தை ஒருநாளும் மறக்கமாட்டாள்.

காரைக்குடி வேன் ஓட்டுநர்:

ஆசிரியர் ஐயா சொன்னவை எல்லாம் உண்மை, ஆனாலும் நான் மாறுபடுகிறேன். 22 ஆண்டுகளாகக் குடும்பங்களை மலைகளுக்கு அழைத்துச் சென்று வருகிறேன். காரைக்குடியிலிருந்து திருச்சி, நாமக்கல் வழியாகக் கொல்லிமலை உச்சிக்குப் போய்ச் சேர, நிறுத்தி நிறுத்திப் போனால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. 71 வயதுப் பெரியவருக்கும் குமட்டல் உள்ள குழந்தைக்கும் ஒரே நாளில் அது அதிகம். அதனால் சகோதரி, திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் உள்ள சிறுமலையை நினைத்துப் பாருங்கள். அங்கு 18 வளைவுகள்தான். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் போகும் அந்தச் சாலை ஒவ்வொரு மரத்தடியும் தெரிந்த சாலையாக இருக்கும்.

சிறுமலையில் பிள்ளைகளுக்கு அவசியம் காட்ட வேண்டியவை குதிரைகள். சவாரிக் குதிரைகளைச் சொல்லவில்லை. வண்டி போகாத தோட்டங்களிலிருந்து வாழைத்தார்களையும் எலுமிச்சை மூட்டைகளையும் சுமந்துகொண்டு ஒற்றையடிப் பாதையில் வரிசையாக இறங்கிவரும் குதிரைகள் அவை. காலையில் சீக்கிரம் போனால் பார்க்கலாம். சிறுமலை வாழைப்பழம் புவிசார் குறியீடு பெற்றது. தோல் தடித்து, உள்ளே நீர்ப்பதம் குறைந்து, பஞ்சாமிர்தத்துக்கென்றே விளைந்ததுபோல் இருக்கும். முடிக்கொத்து நோய் தாக்கியபின் அந்த வாழையின் பரப்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது, ஆகவே நல்ல சீப்பைக் கண்டால் விலை பேசாமல் வாங்கிவிடுங்கள். மற்றபடி அங்கே உணவகங்கள் குறைவு, தங்குமிடங்களும் குறைவு. மூன்று இரவுக்கு அது போதாது என்று நீங்கள் நினைத்தால் அதையும் நான் மறுக்கமாட்டேன்.

கொல்லிமலைதான் என்று முடிவானால், முதல் இரவை நாமக்கல்லில் கழியுங்கள். மாலையில் மேற்கூரை இல்லாமல் வானத்தின் கீழ் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரையும் குடைவரை நரசிம்மரையும் மாமியார் தரிசிக்கலாம், மறுநாள் காலை வெறும் வயிற்றுக் களைப்பும் பயணக் களைப்பும் இல்லாமல் மலையேறலாம். வண்டி பேசும்போதே ஓட்டுநர் மலைப்பாதையில் பழகியவரா என்று கேளுங்கள். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வர வேண்டும், பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிவரும் வண்டிக்கே முதலில் வழி விட வேண்டும். இருட்டியபின் அந்த 70 வளைவுகளில் ஏறவோ இறங்கவோ வேண்டாம். கொடைக்கானல் பக்கமே மனம் திரும்பினால், 2024 மே 7 முதல் அங்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் கட்டாயமாக இருப்பதை மறந்துவிடாதீர்கள்.

தேவகோட்டை ஆச்சி:

நான் ஊர்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் பற்றி மட்டும் சொல்கிறேன். பெரியவர்களோடு போகும் பயணம் கெடுவதெல்லாம் இந்த இரண்டில்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மலை ஊரில், படங்களைப் பார்த்து இணையத்தில் ஒரு விடுதியைப் பதிவு செய்தோம். அறை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறைக்குக் கைப்பிடி இல்லாத 34 படிகள் இறங்க வேண்டியிருந்தது. என் அம்மா ஒவ்வொரு படியிலும் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கியதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு முறை இறங்கியவர் ஊருக்குப் புறப்படும்வரை மேலே வரவே இல்லை. அதன்பின், பணம் கட்டும் முன் விடுதிக்குத் தொலைபேசியில் அழைத்து நான்கு கேள்விகள் கேட்காமல் இருப்பதில்லை. வண்டி அறை வாசல் வரை வருமா, வராவிட்டால் எத்தனை படி என்பது முதல் கேள்வி. கழிப்பறையில் உட்காரும் வசதி இருக்கிறதா, காலையில் எத்தனை மணி முதல் வெந்நீர் வரும், இரவு ஏழு மணிக்குள் இட்லியோ இடியாப்பமோ செய்து தருவார்களா என்பவை மற்றவை. "வாங்க, பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

முதல் நாள் மதியத்துக்குக் கட்டுச்சோறு கொண்டு போங்கள். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியை வாழையிலையில் மடித்தால் அன்று முழுவதும் கெடாது. புளியோதரை மறுநாள் காலைவரை தாங்கும். தேன்குழலையும் மாவுருண்டையையும் இறுக்கமான எவர்சில்வர் தூக்கில் போட்டு, வண்டிக்குள்ளேயே வைத்திருங்கள். கோயில் வாசலிலும் அருவிப் படிகளிலும் குரங்குகள் பையின் சரசரப்பைக் கேட்டே வந்துவிடும். ஒரு முறை என் மகன் கையில் இருந்த கைமுறுக்கைப் பிடுங்கும்போது நகம் பட்டுக் கீறி, ஊசி போட மருத்துவமனைக்கு அலைந்தோம். உங்கள் சின்னவன் கையில் தின்பண்டம் கொடுத்து வெளியே நடக்க விடாதீர்கள்.

கொல்லிமலை, சிறுமலை இரண்டுமே நல்ல இடங்கள்தான். கையில் காப்பிச் செடியைக் காட்டுவதுதான் முக்கியம் என்றால், கீழ்ப்பழநி மலையில் தாண்டிக்குடியும் இருக்கிறது. பட்டிவீரன்பட்டி வழியாக ஏற வேண்டும். நிழல் மரங்களுக்குக் கீழே காப்பியும் மிளகும் ஏலக்காயும் ஒன்றாக விளைகின்றன, காப்பி ஆராய்ச்சி நிலையமும் அங்கு இருக்கிறது. முருகன் அங்கிருந்துதான் பழநிக்குத் தாண்டிக் குதித்தார் என்று சொல்வார்கள். ஆனால் அட்டை கடிக்கும், மழைக்காலத்தில் குழந்தையோடு தோட்டத்துக்குள் போக நான் தயங்குவேன்.

பள்ளத்தூர் மருமகள்:

ஆசிரியர் ஐயா, ஓட்டுநர் அண்ணன், ஆச்சி மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு நீங்கள் எழுதியதை எல்லோரும் கேட்கும்படி வாசித்தேன். ஓடைக்கரையில் மீனுக்குப் பொரி போடும் இடம் வந்ததும், "எனக்கு அந்த மலைதான்" என்று மாமியார் சொல்லிவிட்டார், அதற்குமேல் பேச்சில்லை. முதல் இரவு நாமக்கல், அடுத்த இரண்டு இரவு கொல்லிமலை என்று வைத்துக்கொண்டோம். சிறுமலையைத் தனியாக ஒரு நாள் பயணமாகப் பிறகு போய்வருவோம். ஆச்சி சொன்ன நான்கு கேள்விகளோடு மூன்று விடுதிகளை அழைத்ததில், ஒன்றில் மட்டும்தான் படியே இல்லாத தரைத்தள அறை கிடைத்தது, அதைப் பதிவு செய்துவிட்டோம். பிரான்மலைக்கு வரும் ஞாயிறு போகிறோம்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். மூத்தவள் ஆகாயகங்கைக்கு இறங்கியே தீருவேன் என்கிறாள், 8 வயதுக்காரியும் அக்காவோடு போவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். இளையவளை அனுப்பலாமா?

கீழச்சிவல்பட்டி ஆசிரியர்:

13 வயதுப் பெண் தாராளமாக இறங்கலாம். இளையவள் தினமும் ஓடி விளையாடும் பிள்ளை என்றால் அவளையும் அழைத்துச் செல்லலாம், ஆனால் அவளுக்கென்று ஒரு பெரியவர் கூடவே இருக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள், வெயில் ஏறும் முன் திரும்பிவிடலாம். மேல்மலையில் மழை பெய்திருந்தால் வெள்ளம் திடீரென்று வரும், வனத்துறையினர் வழியை அடைத்திருந்தால் வாதாடாமல் திரும்பிவிட்டு மாசிலா அருவிக்குப் போங்கள். படிகளில் பாசி இருக்கும். வழுவழுப்பான செருப்பு வேண்டாம், பின்வார் உள்ள செருப்போ ரப்பர் அடியுள்ள காலணியோ போட்டுக்கொள்ளட்டும். ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீரும், ஏறும்போது வாயில் போட்டுக்கொள்ளக் கொஞ்சம் கடலைமிட்டாயும் போதும். ஏறிவரும்போது ஐம்பது படிக்கு ஒரு முறை நின்று திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள், அருவி மரங்களுக்கு இடையே வெள்ளைக் கோடாகச் சுருங்கிக்கொண்டே போவது தெரியும்.

கோயில் வாசலில் பொரி விற்பவர் சில நாள் தாமதமாகக் கடை போடுகிறார். மாமியாருக்கு வீட்டிலிருந்தே ஒரு படி பொரி எடுத்துப் போய்விடுங்கள்.